பெயர் தெரிந்தும் பிடிபடாத ஆங்கில அணிகள்

ஓர் ஆங்கில வாக்கியத்தின் எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்கும். இலக்கணத்திலும் ஐயம் இருக்காது. ஆனாலும் எழுதியவர் சொல்ல வந்தது கைக்கு அகப்படாமல் நழுவிவிடும். அப்படி நழுவும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஓர் அணி இருக்கும். அது கவிதையில் வரும் பகட்டான உவமையாக இருப்பது அரிது. தன் காதல் செக்கச் சிவந்த ரோஜாவைப் போன்றது என்று ராபர்ட் பர்ன்ஸ் பாடும்போது யாரும் குழம்புவதில்லை. 'லைக்' என்ற சொல்லே இங்கே ஒப்புமை இருக்கிறது என்று முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. படிப்பவரை இடறச் செய்பவை அணி என்ற அடையாளமே இல்லாமல் அன்றாட உரைநடையில் ஒளிந்திருப்பவை: ஒரு வினைச்சொல்லுக்குள் புதைந்த உருவகம், ஒரு தெருவின் பெயரால் குறிக்கப்படும் அரசாங்கம், வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்ட பேராபத்து. பாடநூல்கள் அணிகளின் பெயர்களையும் இலக்கணங்களையும் நெட்டுருப் போட வைக்கின்றன. பெயரைக் கண்டுபிடிப்பதில் வேலை தொடங்குகிறது, அவ்வளவுதான். அந்த அணி அந்த இடத்தில் எதை முன்னே கொண்டுவருகிறது, எதை மறைக்கிறது, கேட்பவரை எந்தப் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அதைப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியும்.

ஆங்கில அணிகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே கிரேக்கத்திலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தவை. அவற்றில் பலவும் கவிதையை முன்னிட்டு அல்லாமல் மேடைப் பேச்சை முன்னிட்டு வகுக்கப்பட்டவை. பழைய ஏதென்ஸில் வழக்காடுபவர் தம் தரப்பைத் தாமே நடுவர்கள் முன் எடுத்துரைக்க வேண்டும்; மக்கள் அவையில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் கூட்டத்தைத் தன் வசப்படுத்த வேண்டும். ரெட்டரிக் எனப்படும் பேச்சுக்கலை அந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன் 12 புத்தகங்களாக ஒரு முழுப் பாடத்திட்டத்தை வகுத்தபோது, ஒரு சொல் தன் இயல்பான பொருளைவிட்டு வேறொன்றுக்குப் பெயர்வதையும், பொருள் பெயராமல் சொல்லும் முறை மட்டும் வழக்கத்திலிருந்து விலகுவதையும் வேறுபடுத்திக் காட்டினார். ஆங்கிலத்தில் முன்னதை ட்ரோப் என்பர். பின்னதில் சொல்லடுக்கைச் சார்ந்தவற்றை ஸ்கீம் என்பர். தமிழின் பொருளணி, சொல்லணி என்ற பிரிவை இதன்மேல் அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் பின்வருநிலையைத் தண்டியலங்காரம் பொருளணிக்குள் வைக்கிறது. ஆங்கில மரபுக்கு அது சொல்லடுக்கின் பாற்பட்டது.

இந்தக் கிரேக்கப் பெயர்கள் ஆங்கிலேயருக்கே ஒருகாலத்தில் வாயில் நுழையாதவையாக இருந்தன. 1589இல் வெளியான, ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கொள்ளப்படும் கவிதையியல் நூலொன்று அவற்றுக்கு வீட்டுப் பெயர்கள் சூட்டிப் பார்த்தது. சொல்வதற்கு மாறான பொருளை உணர்த்தும் ஐரனிக்கு 'வறண்ட கேலி', உயர்வு நவிற்சியான ஹைபர்பொலிக்கு 'உரக்கப் பொய் சொல்பவன்', ஒன்றன் பெயரால் அதோடு தொடர்புடைய இன்னொன்றைக் குறிக்கும் மெட்டானிமிக்கு 'பெயர் மாற்றி அழைப்பவன்'. இவை நிலைக்கவில்லை. ஆயினும் தேர்வுத்தாளில் எழுதுவதற்கு உதவும் கிரேக்கப் பெயர்களைவிட இவை மேலானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அணி என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன.

அடுத்த நூற்றாண்டில் அணிகளின் மேலேயே ஐயம் எழுந்தது. 1660இல் தொடங்கப்பட்ட, லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், எத்தனை பொருள்களோ ஏறக்குறைய அத்தனை சொற்கள் என்ற பழைய எளிமைக்கு அறிவியல் எழுத்து திரும்ப வேண்டும் என்று வாதிட்டார். மெய்யியலாளர் ஜான் லாக் இன்னும் கடுமையாக, உருவக மொழி முழுவதும் தவறான எண்ணங்களை நுழைத்து, உணர்ச்சிகளைக் கிளறி, தீர்ப்பைத் திசைதிருப்பும் வஞ்சகம் என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே பத்தியின் முடிவில் அவர் சொல்வன்மையை ஒரு பெண்ணின் அழகுக்கு ஒப்பிட்டு, அதற்கு எதிராகப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சலித்துக்கொள்கிறார். அணியைக் கண்டிக்க அவருக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. இதை அவருடைய கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அருவமான ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுத முற்பட்டவர் எவரும் உருவகத்தின் காலில் விழாமல் தப்பியதில்லை.

ஏன் தப்ப முடியாது என்பதைப் பார்க்க, உருவகத்தை அதன் பாடநூல் உருவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். சிமிலி என்பது உவமை, மெட்டஃபர் என்பது உருவகம் என்று ஒரு சமன்பாடு நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. தமிழில் உருவகம் என்றவுடன் முகத்தாமரை, பிறவிக்கடல் போல இரண்டு பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வடிவமே நினைவுக்கு வரும். ஆங்கில மெட்டஃபர் அவ்வளவு வெளிப்படையாக வந்து நிற்பதில்லை. அது பெரும்பாலும் வினைச்சொல்லில் குடியிருக்கும். கப்பல் கடலை 'ப்ளவ்' செய்தது என்றால் உழுதது என்று பொருள். நிலம் என்ற சொல்லோ கலப்பை என்ற சொல்லோ வாக்கியத்தில் இல்லாமலேயே கடல் வயலாகிவிட்டது. விலைகள் 'க்ளைம்ப்' செய்கின்றன, பொருளாதாரம் 'ஓவர்ஹீட்' ஆகிறது, ஒரு வாதம் 'கொலாப்ஸ்' ஆகிறது. இவற்றில் எதிலும் 'போல' இல்லை. 'இது அதுதான்' என்ற கூற்றும் இல்லை. எனவே ஆங்கிலப் பத்தி ஒன்றில் உருவகத்தைத் தேடுபவர் பெயர்ச்சொற்களைத் துழாவிக்கொண்டிருந்தால் பாதியைத் தவறவிடுவார்; வினைகளையும் 'அப்', 'டவுன்', 'இன்', 'அண்டர்' போன்ற சிறு சொற்களையும் பார்க்க வேண்டும்.

1936இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற திறனாய்வாளர் உருவகத்தைப் பிரித்துப் பார்க்க இரண்டு கலைச்சொற்களைத் தந்தார். பேசப்படும் பொருளுக்கு 'டெனர்' என்றும், அதைச் சுமந்துவரும் பொருளுக்கு 'வெஹிக்கிள்' என்றும் பெயரிட்டார். தொல்காப்பிய மரபில் பயின்றவருக்கு உவமேயமும் உவமானமும் உடனே நினைவுக்கு வரும். அந்த இணை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ரிச்சர்ட்ஸ் அழுத்தியது வேறிடத்தில். இரண்டும் சந்திக்கும்போது பிறக்கும் பொருள் இரண்டில் எதிலும் தனியாக இருந்ததில்லை என்றார் அவர். வெஹிக்கிள் வெறும் அணிகலனாக இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; நல்ல உருவகத்தில் அப்படிக் கழற்ற முடியாது.

இதற்கு மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அந்த உரை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கனவைப் பற்றிய இறுதிப் பகுதி. அதற்கு வெகு முன்பாகவே அவர் ஒரு காசோலையைப் பற்றிப் பேசினார். நாட்டை நிறுவியவர்கள் அரசியலமைப்பை எழுதியபோது ஒவ்வொரு அமெரிக்கருக்கும் ஒரு கடனுறுதிச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். கருப்பின மக்களுக்கு வந்த காசோலை மட்டும் போதிய பணமில்லை என்ற முத்திரையோடு திரும்பிவந்தது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம். ஆகவே அதைப் பணமாக்க வந்திருக்கிறோம். இந்த உருவகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். உரிமை கேட்பவரை இரப்பவராகவோ கலகக்காரராகவோ பார்க்கும் பார்வையை அது ஒரே அசைவில் தலைகீழாக்குகிறது: கேட்பவர் கடன் கொடுத்தவர், அரசு வாக்குத் தவறிய கடனாளி. எதிரில் இருப்பவர்களின் நாணயத்தையே அது சோதிக்கிறது, ஏனென்றால் கொடுத்த காசோலை திரும்புவதை எந்தக் கட்சியைச் சேர்ந்த வணிகரும் வெட்கக்கேடாகவே கருதுவார். வங்கியே பொய் என்று சொல்லாமல், வங்கியில் பணம் இருக்கிறது என்று வலியுறுத்துவதால், நாட்டின் அடிப்படை நெறிகளை மறுக்காமலேயே நாட்டைக் குற்றஞ்சாட்ட முடிகிறது. 'சம உரிமை வழங்கப்படவில்லை' என்ற வெறும் கூற்றில் இதில் ஒன்றுகூட இல்லை. இங்கே 'மெட்டஃபர்' என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் மாணவர் அணியைக் கண்டுபிடித்திருக்கிறார், உரையைப் படிக்கவில்லை.

இப்படி எழுந்து நிற்கும் உருவகங்களைவிட மொழிக்குள் அமிழ்ந்துவிட்டவையே எண்ணிக்கையில் மிகுதி. ஜார்ஜ் லேகாஃப், மார்க் ஜான்சன் ஆகிய இருவரும் 1980இல் முன்வைத்த கருத்து இதைப் பற்றியதுதான்: ஆங்கிலம் பேசுபவர்கள் வாதத்தைப் போராகவும் நேரத்தைப் பணமாகவும் பேசுவது தற்செயலான சொற்றொடர்களின் குவியலாக இல்லாமல் ஒழுங்கான ஓர் அமைப்பாக இருக்கிறது. ஒருவர் தன் நிலையை 'டிஃபெண்ட்' செய்கிறார், மற்றவர் அதன் பலவீனமான இடத்தை 'அட்டாக்' செய்கிறார், கடைசியில் ஒருவர் 'வின்' செய்கிறார். நேரத்தை 'ஸ்பெண்ட்' செய்யலாம், 'சேவ்' செய்யலாம், 'இன்வெஸ்ட்' செய்யலாம். பேசுபவர் இதை அணி என்று எண்ணிப் பேசுவதில்லை. ஆனால் வாதம் போர் என்ற சட்டகத்துக்குள் நுழைந்தவுடன் இருவரும் சேர்ந்து ஒரு முடிவைத் தேடுகிறார்கள் என்ற எண்ணம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒன்றைக் காட்டும் அதே செயலால் இன்னொன்றை மறைப்பது எல்லா உருவகத்துக்கும் உள்ள இயல்பு.

அந்த மறைப்பு நம் முடிவுகளையும் மாற்றுமா என்பது இன்னும் தீராத கேள்வி. 2011இல் பால் திபோடோ, லெரா பொரோடிட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கற்பனை நகரத்தில் குற்றங்கள் பெருகுவது பற்றிய சிறு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். புள்ளிவிவரங்கள் ஒன்றே, ஒரு பதிப்பில் குற்றம் நகரத்தை வேட்டையாடும் விலங்கு, மற்றதில் நகரத்தைத் தொற்றிய வைரஸ். விலங்கு என்று படித்தவர்கள் பிடிப்பது, அடைப்பது என்ற தீர்வுகளையும், வைரஸ் என்று படித்தவர்கள் காரணத்தை ஆராய்ந்து சமூகத்தைச் சீர்திருத்தும் தீர்வுகளையும் கூடுதலாகச் சொன்னார்கள். தங்களை வழிநடத்தியது எண்கள்தான் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். 2014இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. எனவே ஒரு சொல்லால் மக்களின் மனத்தையே மாற்றிவிடலாம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எழுதுபவர் எந்தச் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பது மட்டும் எப்போதும் பயன் தரும்.

மொழிக்குள் அமிழ்ந்த உருவகம் உண்மையில் இறந்துவிட்டதா என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: இரண்டை அருகருகே வைப்பது. அவற்றின் படங்கள் மோதிக்கொண்டால் இன்னும் உயிர் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியல் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையில், பாசிச ஆக்டோபஸ் தன் அன்னப்பாட்டை (சாகுமுன் அன்னம் பாடுவதாகச் சொல்லப்படும் கடைசிப் பாட்டை) பாடி முடித்துவிட்டது என்ற வாக்கியத்தைக் கேலிக்கு எடுத்துக்கொண்டார். எழுதியவர் தான் சொல்வதை மனக்கண்ணால் பார்க்கவில்லை, அதாவது சிந்திக்கவே இல்லை என்பது அவர் வாதம். தேய்ந்த உருவகத்தைவிடப் பெரிய கேடு ஒன்றையும் அவர் அங்கே சுட்டினார்: பாதுகாப்பற்ற கிராமங்களின்மேல் குண்டு போடுவது 'பேசிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்துதல் என்று அழைக்கப்படுகிறது. யூஃபமிசம் என்ற இடக்கரடக்கலின் இருண்ட முகம் இது. தாக்குதலில் இலக்கல்லாதவர்க்கு நேரும் இழப்பைக் குறிக்கும் 'கொலாட்டரல் டேமேஜ்', அதாவது உடன்விளைந்த சேதம் என்ற தொடரும் அவ்வகையே. அதில் குடிமக்கள் இல்லை, சாவு இல்லை, செய்தவரும் இல்லை.

மெட்டானிமி தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு அந்நியமானதன்று. ஆகுபெயர் என்று நாம் அறிந்ததே அது. நன்னூல் அதை வகைவகையாகப் பிரித்திருக்கிறது. உருவகம் ஒப்புமையால் இயங்குகிறது. மெட்டானிமி தொடர்பால் இயங்குகிறது. ஆங்கிலச் செய்தி மொழி இதில் மூழ்கியிருப்பதால் கவிதை படிக்காதவரும் இதைக் கற்றாக வேண்டும். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் என்றால் நாடாளுமன்றம், டவுனிங் ஸ்ட்ரீட் என்றால் பிரதமர் அலுவலகம், ஒயிட்ஹால் என்றால் அமைச்சகங்களின் அதிகாரவர்க்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில்தான் உள்ளன. ஆனால் ஒயிட்ஹாலுக்கும் டவுனிங் ஸ்ட்ரீட்டுக்கும் உரசல் என்ற தலைப்பைப் படிப்பவர் வேறுபாட்டை அறியாவிட்டால் செய்தியே இல்லை. அமெரிக்கச் செய்திகளில், பெருநிதி நிறுவனங்களைக் குறிக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கு எதிராக நிறுத்தப்படும் மெயின் ஸ்ட்ரீட் ஒரு குறிப்பிட்ட தெருவே அன்று. சிறு வணிகரும் சாதாரண மக்களும் அதில் அடங்குவர். இந்த அணிக்கும் மறைக்கும் திறன் உண்டு. வெள்ளை மாளிகை மறுத்தது என்றால் மறுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. கட்டடத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

பகுதியால் முழுமையைக் குறிக்கும் சினெக்டகி, நம் சினையாகுபெயரின் உறவினர். ஆலைத் தொழிலாளர்களை ஆங்கிலத்தில் 'ஹேண்ட்ஸ்' என்று அழைக்கும் வழக்கம் இவ்வகை. 1854இல் ஹார்ட் டைம்ஸ் நாவலில் சார்லஸ் டிக்கன்ஸ் இந்தச் சொல்லை நிறுத்திவைத்துப் பார்க்கிறார்: கடவுள் இவர்களை வெறும் கைகளாகவே படைத்திருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்கிறார். வயிறும் வாயும் இல்லாத கைகளையே முதலாளி விரும்பினார் என்ற குற்றச்சாட்டு, வழக்கில் தேய்ந்துபோன ஒரு சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. டிக்கன்ஸ் புதிதாக எதையும் சேர்க்கவில்லை; இருந்ததைக் கேட்க வைத்தார்.

சொல்லடுக்கு அணிகளுக்கு வருவோம். இவற்றில் மோனையை ஒத்த அலிட்டரேஷன் போன்றவை செவிக்கே புலப்பட்டுவிடுவதால் நீட்ட வேண்டியதில்லை. அனஃபொரா வேறு. தொடர்களின் தொடக்கத்தில் ஒரே சொற்கள் திரும்ப வருவதுதான் அது. திரும்ப வருகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. 1940 ஜூன் 4 அன்று, இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து படைகள் மீட்கப்பட்ட பின், வின்ஸ்டன் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியபோது 'வீ ஷல் ஃபைட்', போரிடுவோம் என்ற சொற்களை அடுக்கினார். அடுக்கை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பிரான்சில் போரிடுவோம், கடல்களில் போரிடுவோம், வானில் போரிடுவோம், கடற்கரைகளில், விமானங்கள் இறங்கும் திடல்களில், வயல்களில், தெருக்களில், மலைகளில் போரிடுவோம். எதிரி ஒவ்வொரு இடமாகக் கைப்பற்றி உள்ளே வருகிறான். பேசுபவரின் படை பின்வாங்கிக்கொண்டே போகிறது. உள்ளடக்கம் தோல்விகளின் பட்டியல். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அதே மூன்று சொற்கள் அசையாமல் நிற்பதால் கேட்பவர் காதில் விழுவது உறுதி மட்டுமே. மலைகளுக்குப் பிறகு அடுக்கு உடைகிறது: ஒருபோதும் சரணடைய மாட்டோம். பழகிய சொற்களை எதிர்பார்த்திருந்த செவிக்கு அந்த மாற்றமே முடிவைச் சொல்லிவிடுகிறது. திரும்ப வருதலின் வலிமை பெரும்பாலும் அது எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

1961 ஜனவரியில் ஜான் கென்னடி பதவியேற்றபோது, நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேளாதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள் என்றது ஆண்டிமெட்டபொலி என்ற அணிக்கு எடுத்துக்காட்டாக எங்கும் வருகிறது. முதல் பாதியின் சொற்கள் இரண்டாம் பாதியில் வரிசை மாறித் திரும்புகின்றன. இவ்வகை வாக்கியங்களின் ஆபத்து அவற்றின் அழகிலேயே உள்ளது: இரண்டு பாதிகளும் இப்படிக் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும்போது ஏதோ நிறுவப்பட்டுவிட்டது போன்ற உணர்வு வருகிறது, உண்மையில் சொற்கள் இடம் மாறின, சான்று ஒன்றும் தரப்படவில்லை. ஒலியழகு உண்மை போலத் தோன்றும் இந்த இயல்பை மேத்யூ மெக்லோனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் 2000ஆம் ஆண்டில் சோதித்தார்கள். துன்பம் பகைவரையும் சேர்த்துவைக்கும் என்ற கருத்தை 'வோஸ் யுனைட் ஃபோஸ்' என்று எதுகை படச் சொன்னபோது, அதே பொருளை எதுகையின்றி 'வோஸ் யுனைட் எனிமீஸ்' என்று சொன்னதைவிடக் கூடுதல் துல்லியமானதாக மக்கள் மதிப்பிட்டார்கள். ஒலியழகையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டிச் சொன்னபோது அந்த மயக்கம் தணிந்தது.

எதிரெதிர்ச் சொற்களை ஒட்டவைக்கும் ஆக்ஸிமோரான், முரண்படு மெய்ம்மையான பேரடாக்ஸ், சிலேடை ஆகியவற்றை அடையாளம் காண்பதில் சிக்கல் குறைவு; முரணோ இரட்டைப் பொருளோ தானே கையைத் தூக்கிக் காட்டும். ஸூக்மாவை மட்டும் விட மனமில்லை. ஒரே வினை, பொருந்தாத இரண்டு பொருள்களை ஒரே மூச்சில் ஏற்பது அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் தன் அங்கதக் காவியத்தில், ஒரு சீமாட்டிக்கு நேரக்கூடிய இடர்களை எண்ணும்போது, அவள் தன் மானத்தையோ புதிய சரிகைப் பட்டாடையையோ கறைப்படுத்திக்கொள்ளக்கூடும் என்கிறார். அந்தச் சமூகத்துக்கு இரண்டும் ஒரே எடை என்ற தீர்ப்பை ஒரு வினைச்சொல் வழங்கிவிடுகிறது. போப் தன் வாயால் ஒரு கண்டனமும் சொல்லவில்லை.

சொல்லாமல் சொல்வதில் ஆங்கிலம் தனித்து நிற்பது குறைத்துச் சொல்வதில்தான். எதிர்மறையை மறுத்து உடன்பாட்டைக் குறிக்கும் லைட்டோட்டீஸ், அம்மொழியின் மிகப் பழைய காவியமான பேவுல்ஃப் காலத்திலிருந்தே அதன் குருதியில் இருக்கிறது. அக்காவியத்தில் ஹில்டெபர் என்ற அரசி ஒரு மோதலில் சகோதரனையும் மகனையும் இழக்கிறாள்; எதிர்த்தரப்பின் நேர்மையைப் புகழ அவளுக்குக் காரணம் இருக்கவில்லை என்று மட்டும் கவிஞர் சொல்கிறார். இன்றைய உரையாடலில் 'நாட் பேட்' என்பது நல்ல பாராட்டு. ஒரு திட்டம் 'நாட் வித்தவுட் இட்ஸ் ப்ராப்ளம்ஸ்' என்றால் அது தேறாது என்று பொருள்படலாம். உயர்த்திச் சொல்வதே உணர்வின் அளவுகோல் என்று பழகியவர்கள் இவற்றை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு ஏமாறுவதுண்டு.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குள்ளேயும் இது பிழைக்கும். கொரியப் போரின்போது, 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றருகே பெரும் சீனப் படையால் சூழப்பட்டிருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவின் தளபதி, நிலைமை 'கொஞ்சம் பிசுபிசுப்பாக' இருக்கிறது என்ற பொருளில் 'எ பிட் ஸ்டிக்கி' என்று அமெரிக்க மேலதிகாரியிடம் சொன்னதாகவும், பிரிட்டிஷ் வழக்கில் அது அழிவின் விளிம்பு என்பதை உணராத அமெரிக்கர் சமாளித்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டதாகவும் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. குளோஸ்டர்ஷயர் படையணி அந்தச் சண்டையில் ஏறக்குறைய முழுமையாக அழிந்தோ சிறைப்பட்டோ போனது. ஒரே மொழி, ஒரே சொற்கள். எவ்வளவு குறைத்துச் சொல்வது வழக்கம் என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு இல்லை.

சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் இடையிலான இந்த வெளியை மெய்யியலாளர் பால் க்ரைஸ் தெளிவாக விளக்கினார். 1975இல் அச்சான அவருடைய கட்டுரையில் ஒரு பேராசிரியர் தம் மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். மாணவர் விண்ணப்பித்திருப்பது மெய்யியல் துறைப் பணிக்கு. கடிதமோ, அவருடைய ஆங்கிலம் சிறப்பானது, வகுப்புக்கு ஒழுங்காக வந்தார் என்பதோடு முடிந்துவிடுகிறது. பொய் ஒன்றுமில்லை, இகழ்ச்சி ஒன்றுமில்லை. ஆனாலும் மாணவரின் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. பேசுபவர் சூழலுக்கு வேண்டிய அளவு தகவல் தருவார் என்று கேட்பவர் நம்புகிறார். வேண்டிய இடத்தில் அது வராதபோது, வராமையே செய்தியாகிறது. உருவகம், குறைத்துரைத்தல், ஐரனி மூன்றும் க்ரைஸின் பார்வையில் இவ்வாறே இயங்குகின்றன: நேர்ப்பொருள் பொருந்தாது என்று வெளிப்படையாகத் தெரிவதால் கேட்பவர் வேறு பொருளைத் தேடிப் போகிறார்.

ஐரனி அந்த வெளிப்படைத்தன்மையையும் சில நேரம் கைவிட்டுவிடும். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் கொல்லப்பட்ட சீசரின் உடலருகே பேசும் மார்க் ஆண்டனி, கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ் மதிப்புக்குரியவர் என்று முதன்முறை சொல்லும்போது அது வெறும் மரியாதை. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் சீசரின் நற்செயல் ஒன்றை வைத்துவிட்டு அதே தொடரைத் திரும்பச் சொல்கிறார். சொற்கள் மாறவில்லை, பொருள் புரண்டுவிட்டது. கூட்டம் அதைத் தானே கண்டுபிடித்ததாக எண்ணிக்கொள்வதால் யார் தூண்டியது என்று கேட்பதில்லை. நம் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு அருகில் வந்தாலும், படிப்படியாகப் பொருளைத் திருப்பும் இந்த வித்தைக்கு ஒரு தனி வரியைப் பார்த்து அணிப்பெயர் கூற முடியாது. முழு உரையையும் கேட்டாக வேண்டும்.

எல்லோருக்கும் புரிந்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. 1702 டிசம்பரில் டேனியல் டீஃபோ, இங்கிலாந்து திருச்சபையிலிருந்து விலகி நின்ற சமயப் பிரிவினரை ஒழிப்பதே எளிய வழி என்று வாதிடும் ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பெயரில்லாமல் வெளியிட்டார். அவரே அந்தப் பிரிவினருள் ஒருவர். தீவிரத் திருச்சபையினரின் பேச்சை அவர்கள் குரலிலேயே கொஞ்சம் நீட்டிக் காட்டினால் அதன் கொடூரம் தெரியும் என்பது அவர் எண்ணம். குரல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் தீவிரர்களில் சிலர் அதை மெச்சினார்கள். விலகிய பிரிவினர் அஞ்சினார்கள். எழுதியவர் யார், எதற்காக என்று தெரியவந்தபோது இரு தரப்புமே கோபம் கொண்டன. 1703 ஜூலையில் டீஃபோ கழுத்தும் கைகளும் மரச்சட்டத்தில் பூட்டப்பட்டு லண்டன் பொது இடங்களில் மூன்று நாள் நிறுத்தப்பட்டார். 1729இல் அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று முன்மொழிந்த ஜோனதன் ஸ்விஃப்ட், தம் ஐரனியை யாரும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்குத் தூக்கி வைத்தார். கணக்குப்பிள்ளையின் நிதானக் குரலும் சொல்லப்படும் செய்தியும் அங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

இதற்கெல்லாம் ஒரு குறி இட்டுவிட்டால் என்ன என்ற யோசனையும் பழையதே. 1580களில் லண்டன் அச்சாளர் ஹென்றி டென்ஹாம், விடை எதிர்பாராத கேள்விகளுக்கென்று திருப்பிப் போட்ட கேள்விக்குறி ஒன்றைப் பயன்படுத்தினார். சில பத்தாண்டுகளில் அது வழக்கொழிந்தது. இன்று இணைய உரையாடல்களில் நக்கலாகச் சொன்ன வாக்கியத்தின் இறுதியில் ஒரு சாய்கோடும் 'எஸ்' எழுத்தும் இடுகிறார்கள். முகமும் குரலும் இல்லாத இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஐரனி செயல்படுவதே படிப்பவர் சற்று நேரம் தவறான பொருளில் நிற்பதாலும், அதிலிருந்து தாமே வெளியேறுவதாலும்தான்; குறி அந்த நேரத்தை எடுத்துவிடுகிறது. டீஃபோ அப்படியொரு குறியை இட்டிருந்தால் மரச்சட்டத்தில் நின்றிருக்க மாட்டார். அந்தப் பிரசுரத்தை மெச்சியவர்களும் தாங்கள் எதை மெச்சக்கூடியவர்கள் என்பதை வெளிக்காட்டியிருக்க மாட்டார்கள்.